வயரில்லாமல் சுற்றும் ஃபேன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடல்காற்று எழுந்ததும், என் ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும் கம்ப்யூட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிறது. உள்ளங்கை அளவுதான். அதன் வயரை நீதான் பல்லால் கடித்து அறுத்தாய். கரண்ட் இல்லாமல் அது சுற்றும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும். இன்று ஞாபகத்தோடு கோபமும் வந்துவிட்டது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் பூட்டும் அந்த அசெம்பிளி ஷெட். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் திறந்துகொண்டிருந்த காலம். நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில். அட்டைப்பெட்டிகளில் வரும் மலிவு ஃபேன்கள் எவ்வளவு காற்றைத் தள்ளுகின்றன என்று அளந்து, தேறியதற்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது நம் வேலை. மற்ற இடங்களில் ஃபேனுக்கு முன்னால் கையை நீட்டி, "வருது" என்று முடித்துவிடுவார்கள். நம் மேஜையில் ஒரு தகரக் குழாய் இருந்தது. ஒரு முனையில் ஃபேன், மறுமுனையில் காற்றுவேக மீட்டர், நடுவில் கட்டுக்கட்டாக ஸ்ட்ராக்கள். ஃபேன் காற்றைச் சுழற்றித் தள்ளும். ஓரத்தில் வேகமாக வரும், நடுவில் ஒன்றுமே இருக்காது. ஸ்ட்ராக்களுக்குள் புகுந்து நேரான பிறகுதான் மீட்டரை நம்பலாம். ஜூஸ் குடிக்காமல் ஸ்ட்ரா மட்டும் கேட்டதற்குக் கடைக்காரர் திட்டியதை நீ நடித்துக் காட்டுவாய்.

ஷெட்டில் வெக்கை தாங்காது. கடலைப் பார்த்த கதவைத் திறந்து வைத்து, மேஜையை அதன் எதிரே இழுத்துப் போட்டோம். அங்கேதான் கோட்டை விட்டோம். காலையில் பாதி ஃபேன்கள் தேறாது. மதியத்துக்கு மேல் எல்லாமே தேறும். "சோறு துன்ன கைக்கு ராசிம்மே" என்று நான் பீற்றிக்கொண்டேன். முதலாளிக்கு ஒரே குஷி. இனிமேல் சோதனையெல்லாம் மதியம்தான் என்று உத்தரவே போட்டுவிட்டார்.

உனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் வயரைப் பிடுங்கினாய். இறக்கை நிற்கவில்லை. மீட்டரும் நிற்கவில்லை.

"இன்னாம்மே இது? கரண்ட்டே இல்ல, சுத்திகினு கீது! கடல் காத்துக்கா நாம ஸ்டிக்கர் ஒட்டிகினு கீறோம்?"

நிலக்கரி யார்டின் எடைமேடை ஆபீசுக்குப் போகும் கம்ப்யூட்டர்கள் அந்நேரம் வாசலில் வண்டியில் ஏறியிருந்தன. எல்லாவற்றிலும் மதியத்து ஃபேன்கள். உன் அண்ணன் அந்த யார்டில்தான் லாரி ஓட்டினார். அங்கே கம்ப்யூட்டர் சூடாகி நின்றுவிட்டால் லாரிக்காரர்கள் வெயிலில் கிடந்து வேக வேண்டியதுதான். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னாய்.

"மீட்டர் காட்டுச்சா இல்லியா? அப்பால இன்னா பேஜாரு?" என்றார் முதலாளி.

"அந்த எடைமேடை ரூம்ல ஜன்னலே இல்ல சார். அங்க எந்தக் கடலு வந்து ஊதும்?"

"ஒட்னது ஒட்னதுதான். இஷ்டமில்லன்னா வூட்டுக்குப் போ."

உன் சம்பளத்தில்தான் உங்கள் வீட்டில் உலை கொதித்தது. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். நீ வண்டியில் ஏறி, முதல் கேபினெட்டின் முதுகில் இருந்த பச்சை ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தாய். உன் பின்னால் நானும் ஏறினேன். வண்டி அன்று கிளம்பவில்லை.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். பாதிக்கு மேல் தேறவில்லை. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே வேறு ஃபேன் வாங்கிப் போட்டு அனுப்பினார். மாசக் கடைசியில், "உனக்கு வாய் ஜாஸ்தி" என்று சொல்லி உன்னை நிறுத்திவிட்டார். தேறாதவற்றைப் போட்டிருந்த பெட்டியிலிருந்து நீ ஒரு ஃபேனை எடுத்து, வயரைக் கடித்துத் துப்பி, என் கையில் கொடுத்தாய்.

"எவனாச்சும் அளந்துட்டேன்னு சொன்னா, மொதல்ல வயரைப் புடுங்கிப் பாரு."

உன் சாவு வீட்டில்கூட ஒரு ஆள், வாயால்தான் நீ பிழைப்பைக் கெடுத்துக்கொண்டாய் என்றான். எழுந்து போகச் சொன்னேன். போய்விட்டான்.

இன்று எண்ணூரில் எங்கள் தெருவுக்கு, காற்றின் சுத்தத்தை அளக்க வந்தோம் என்று இரண்டு பேர் மீட்டரோடு வந்தார்கள். மேற்கே புகைபோக்கிகள். விடியற்காலையில் காற்று அசையாத நேரத்தில் அந்தப் புகை தெருவில் இறங்கி நெஞ்சை அடைக்கும். உன் கடைசி வருஷம் முழுக்க இதே தெருவில் நீ அந்தப் புகையோடுதான் மல்லுக்கட்டினாய். இவர்கள் வந்ததோ மதியம். மீட்டரை வைத்ததோ கடலைப் பார்த்து. "காத்து நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலிலிருந்து ஃபேனை அவிழ்த்துக்கொண்டு போய் அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அது சுற்றியது.

"வயரு எங்க கீது, பாருங்க. இது கடல் காத்து சார். நாங்க துன்ற காத்து காலைலதான் வரும். அப்போ வந்து அளங்க."

நாளைக் காலை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஃபேனை மறுபடி கம்பியில் கட்டியிருக்கிறேன். விடியற்காலையில் அது நின்றுவிடும். அப்போது தெருவில் நிற்பேன். அவர்கள் வராவிட்டால் ஃபேனை எடுத்துக்கொண்டு அவர்கள் ஆபீசுக்கே போவேன். எனக்கும் இப்போது வாய் ஜாஸ்தி.