ரொம்ப நேரம் ஆகிற பின்னல்

தங்கச்சி,

உன் சீப்பு இன்னும் எங்கள் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. அகலப் பல் வைத்த அந்தப் பச்சை சீப்பு. விளக்கேற்றுகிற இடத்தில் யாராவது சீப்பு வைப்பார்களா என்று எங்கள் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். வேறு எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இன்று சாயங்காலம் திரி போடப் போனபோது அதைக் கையில் எடுத்தேன். பல்லிடுக்கில் முடி சிக்கியிருந்தது. குட்டையான, செம்பட்டை பாய்ந்த முடி. உன் முடி நல்ல கறுப்பு, சுருட்டை. இது உன்னுடையது இல்லை. யாருடையது என்று உனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மாடிக்கு நீ குடிவந்த புதிதில், குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசில் வேலை என்றாய். தடுப்பூசி போடுகிற வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன். பிள்ளையை அடிக்கிற வீடு, சூடு வைக்கிற வீடு, வெளியில் சொல்ல முடியாததைச் செய்கிற வீடு என்று தேடிப்போய் விசாரிக்கிற வேலை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. நீ யார் வீட்டுக் கதையையும் சொன்னதில்லை. பிள்ளையின் பெயரைத் தூக்கத்தில் கூட சொல்லக் கூடாது என்பாய். இந்த மடலிலும் அந்த முடிக்குச் சொந்தக்காரப் பிள்ளையின் பெயரை நான் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கீழே இறங்கி வந்து, தலை பின்னக் கற்றுக்கொடுக்கச் சொன்னாய். கிராப் வெட்டிய தலைக்கு எதற்குப் பின்னல் என்று சிரித்தேன்.

“எனக்கு இல்லக்கா. புள்ளைங்களுக்கு. மூஞ்சியப் பாத்துக் கேட்டா ஒண்ணும் வராது. முதுகக் காட்டி உக்காந்திருந்தா தானா சொல்லுதுங்க. சீக்கிரம் முடியற பின்னல் வேணாம். ரொம்ப நேரம் ஆகிற மாதிரி ஒண்ணு சொல்லிக் குடுங்க.”

நாலு கால் பின்னல் கற்றுக்கொடுத்தேன். என் தலையில்தான் பழகினாய். உன் கைக்கு அது வரவே இல்லை. இழுத்து இழுத்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. அதுவும் நல்லதுதான், தப்பாகப் போட்டால் பிரித்து மறுபடி போடலாம், இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்றாய்.

அந்தப் பிள்ளை விஷயத்தில் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது, உன்னோடு வரவேண்டிய பெண் அன்றைக்கு லீவு போட்டதால். கடலூர் வரைக்கும் வந்து பிள்ளை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றாய். அம்மா இல்லாத பிள்ளை. அப்பா துபாயில். சிதம்பரத்தில் சித்தப்பா வீட்டில் வளர்கிறாள். பள்ளிக்கூடத்து டீச்சர் அவள் தோளுக்குக் கீழே சூட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டு உங்கள் ஆபீசுக்குப் போன் செய்திருந்தார். நீ போய்ப் பின்னல் போட்டாய். அவள் சொன்னாள். சித்தப்பா கரண்டிக் காம்பைக் காய வைத்தது, அது முதல் தடவை இல்லை என்பது, எல்லாம் சொன்னாள்.

அதோடு விட்டார்களா? ஸ்டேஷனில் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ராத்திரி தங்க வைத்த விடுதியிலும் வார்டன் கேட்டிருக்கிறார். மறுநாள் கடலூரில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் மறுபடி சொல்ல வேண்டும். ஆபீசுக்கு வண்டி கிடையாது. பஸ்தான். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர அந்த ஒரு பஸ்தான் தோது. அது நமக்குத் தெரிந்த மாதிரி சித்தப்பா வீட்டாருக்கும் தெரியும். வரச்சொல்லி அவர்களுக்கும் நோட்டீசு போயிருந்ததே.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்புகிற நேரத்தில் சித்தி ஏறினாள். நேராக வந்து நமக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். வேறு இடத்துக்குப் போகச் சொன்னாய்.

“பஸ்சு என்ன உங்க அப்பன் வீட்டு பஸ்சா? நானும் டிக்கெட் எடுத்துதான் வரேன்.”

கண்டக்டரிடம் சொன்னாய். லேடீஸ் சீட்டு, அவங்களும் லேடீஸ்தானே மேடம் என்று போய்விட்டார். சித்தி பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை எடுத்து, பஸ்சே கேட்கிற மாதிரி துபாய்க்குப் பேசினாள்.

“ஆமாங்க மாமா, உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஏதோ தெரியாம ஒளறிடுச்சு. அய்யோ, நீங்க கெளம்பி வராதீங்க மாமா, வேலை போயிடும். கடன யாரு கட்டுறது?”

பேசியது அவ்வளவுதான். செம்மங்குப்பம் வந்ததும் வழக்கம் போல கெமிக்கல் கம்பெனிகளின் அந்த மருந்து நெடி அடித்தது. எல்லாரும் ஜன்னல் ஷட்டரை இறக்கி மூடினார்கள். பிள்ளை இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். நெடி போன பிறகும் கையை எடுக்கவில்லை. கடலூர் போய் இறங்குகிற வரை எடுக்கவில்லை.

குழுவின் அறையில் இருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிஸ்கட் கொடுத்தார்கள், கண்ணு என்று கூப்பிட்டார்கள். ஆனால் கேட்டார்கள். முதலில் இருந்து சொல்லு என்றார்கள். மாடிப்படியில விழுந்துட்டேன் என்றாள் பிள்ளை. அப்படியானால் முன்னால் வேறு மாதிரி சொன்னாயே என்று கேட்டதற்கும் அதையே சொன்னாள். பிறகு உன் அறிக்கையை வீட்டாரை வைத்துக்கொண்டே உரக்கப் படித்தார்கள். தலை பின்னிக்கொண்டிருக்கும்போது பிள்ளை தானாகச் சொன்னதாக நீ எழுதியிருந்த வரி வந்தபோது, சித்தி நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன். சித்தப்பா நல்லபடி வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். நீ அவ்வப்போது வீட்டுக்குப் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையை அவர்களோடு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது நீ வாங்கின டீயைக் குடிக்கவில்லை. ஆடை கட்டிப்போயிற்று. நான்தான் கோபத்தில் பேசிக்கொண்டே வந்தேன். அவ்வளவு தைரியமாகச் சொன்ன பிள்ளை இப்படி மாற்றிவிட்டதே என்று. நீ பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை.

“கிளாஸ்ல டீச்சர் ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேட்டா என்னக்கா அர்த்தம்? மொதல்ல சொன்ன பதிலு தப்புன்னு அர்த்தம். அதான் மாத்திச் சொல்லுச்சு. ஒரு தரம் சொன்னா போதும்னு யாராவது சொல்லணும்ல.”

இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். பேப்பரையும் பாட்டுப் புத்தகத்தையும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் அன்னதானக் குழுவின் கணக்கை நான்தான் எழுதுகிறேன். சாயங்காலம் கூட்டிப் பார்த்து இடித்தால், சரியாகிற வரை எனக்குச் சோறு இறங்காது. நீயோ எதுவுமே சரியாக வராத ஒரு வேலையைச் செய்துகொண்டு, மறுநாள் காலையில் மறுபடி பையை மாட்டிக்கொண்டு படியிறங்குவாய். எப்படித்தான் முடிந்ததோ.

அந்த சித்தப்பா யார் என்று உனக்கு நான்தான் சொல்லவேண்டி வந்தது. மாதப் பூசத்து அன்னதானத்துக்கு எங்கள் குழுவுக்கு அரிசி மூட்டை இறக்குகிற புண்ணியவான். குழுத் தலைவரிடம் அவர் அரிசி நமக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “பசிக்கிறவனுக்கு அரிசி குடுக்குற மனுஷன்மா. வீட்டு விஷயத்தை நாம கிளறக் கூடாது” என்றார். எங்கள் வீட்டுக்காரரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். மனிதர்களிடம் பேசி ஆகவில்லை என்று, வடலூர் போய் ஜோதி முன்னால் நின்று சண்டை போட்டேன். அருட்பெருஞ்ஜோதி என்று எல்லாரும் கண்ணை மூடி நிற்கிற இடத்தில் நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நீ வீட்டுக்குப் போய்ப் பார்த்ததெல்லாம் என்ன? நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள். பிள்ளை பட்டுப்பாவாடையில் நிற்கும். “தலை பின்னியாச்சு மேடம்” என்று சித்தி சிரிப்பாள். ஒரு தடவை போய்விட்டு நீ என் அடுப்படியில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாய். பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டார்கள். வேண்டுதலாம். சந்தனம் பூசி நின்றாளாம். உன் பையில் இருந்த சீப்பை எடுத்து என் கையில் கொடுத்து, இதை வச்சிருங்கக்கா, முடி வளர்ற வரைக்கும் எனக்கு எதுக்கு என்றாய்.

சாமிக்கு முடி கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்புகிறவள் நான். என் சின்ன மகனுக்கு நானும் கொடுத்திருக்கிறேன். அதை ஒரு பிள்ளையின் வாய்க்குப் பூட்டாக்கி வைத்தார்களே. இதில் யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

முடி வளர்வதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கிடைத்த இடத்தில் தண்ணீர் குடித்து, சாயங்காலம் பகல் சாப்பாடு சாப்பிட்டு அலைந்தால் வராமல் என்ன செய்யும்? ஜுரத்தோடு ஒரு விசாரணைக்குப் போய் வந்து படுத்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. உன் அம்மா வந்து மாடியைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் கொடுத்தேன். சீப்பை மட்டும் கொடுக்கவில்லை. பிறகு உன் இடத்துக்கு ஆளே போடவில்லை. நான் போய்க் கேட்டபோதெல்லாம் வருவாங்கம்மா என்றார்கள்.

நேற்றுப் பூசம். அரிசியோடு அந்தப் பிள்ளையும் வந்தாள். மோர் ஊற்ற நிறுத்தியிருந்தார் சித்தப்பா. ஊருக்கு முன்னால் பெருமையாக இருக்க வேண்டுமே. பந்தி முடிந்து நான் பின்கட்டில் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றாள். முடி தோள் வரை வந்திருந்தது.

“அந்த சீப்பு அக்கா வர மாட்டாங்களா?”

நீ இல்லை என்று சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அழவில்லை அவள். எனக்கு முதுகைக் காட்டிக் கீழே உட்கார்ந்து, ரிப்பனைத் தானே உருவி என் பக்கம் நீட்டினாள். பூசத்துக்குப் போகும்போதெல்லாம் உன் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவேன். ஏன் என்று அதுவரை என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

நான் ஒன்றும் கேட்கவில்லை, தங்கச்சி. அவள் சொன்னாள். குட்டை முடி, நாலு காலும் நிற்காமல் நழுவியது. பிரித்துப் பிரித்துப் போட்டேன். அவள் சொல்லி முடித்த பிறகுதான் ரிப்பன் கட்டினேன்.

அங்கிருந்தே உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒருவழியாக உன் இடத்துக்கு ஆள் வந்திருக்கிறது. சின்னப் பெண். உடனே கிளம்பி வந்துவிட்டாள், அதைச் சொல்ல வேண்டும். பிள்ளையை அப்போதே விடுதிக்குக் கூட்டிப்போய்விட்டாள். எங்கள் அன்னதானக் குழுத் தலைவர் என்னோடு பேசுவதில்லை. கணக்கை வேறு யாரிடமாவது ஒப்படைக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். ஒப்படைத்துவிடுவேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னப் பெண்ணும் வந்ததும் நோட்டைத் திறந்து, மொதல்ல இருந்து சொல்லு பாப்பா என்றுதான் ஆரம்பித்தாள். அவதான் எங்கிட்ட சொல்லிட்டாளே, நான் வந்து சொல்றேன் என்றேன்.

“நீங்க சொன்னா பத்தாதுக்கா. நாளன்னைக்குக் கடலூர்ல அவளேதான் சொல்லணும்.”

சரி, அவளே சொல்லட்டும். ஆனால் நாளைக்கு பஸ் கிடையாது. என் தம்பியின் காரைச் சொல்லிவிட்டேன். ஆபீசு காசு தர வேண்டாம், பின் சீட்டில் வேறு யாரும் ஏறக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். செம்மங்குப்பம் தாண்டுகிற வரை கண்ணாடியை ஏற்றியே வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் உன் பின்னலைப் பற்றிச் சொன்னேன். கடலூர்க் குழுவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள். விடுவார்களோ, மாட்டார்களோ.

சீப்பைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன். நாளை அந்தக் குழுவின் மேஜைக்கு முன்னால் பிள்ளையை அவர்களுக்கு முகம் காட்டாமல் உட்கார வைத்து, நான் பின்னால் உட்காரப் போகிறேன். அவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், எவ்வளவு நேரமும் ஆகட்டும். அவள் முடிக்கிற வரை நான் பின்னலை முடிக்க மாட்டேன்.