ஆடியில் வாங்கிய லேப்டாப்

சேவூர், ஆரணி
23.7.2007

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். டிசைன் வேலைக்கு என்னைக் கூப்பிட்டு வந்த போனை நீங்கள் சொல்லாமல் மறைத்ததை இப்போது கிளறப்போவதில்லை. அவசரத்துக்கு உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை.

ஆடியில் புதுப்பொருள் வேண்டாம் என்று அம்மா தடுத்தும் கேட்காமல் லேப்டாப் வாங்கினேன். அரைமணியில் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. அப்புறம் எதைத் தட்டினாலும் அசைவதில்லை. மணவாளன் பட்டுச்சேலைக் கடைக்கு வரைந்த அன்னப்பட்சி பார்டர் பாதி போய்விட்டது. ஆடி முடிவதற்குள் கொடுக்காவிட்டால் அண்ணன் தறி சும்மா நிற்கும். என்ன செய்ய?

ஹேமலதா

சென்னை
27.7.2007

அன்புள்ள ஹேமா,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும். நீ போனதிலிருந்து அந்தக் குக்கர் எனக்குத் திறப்பதே இல்லை. தினமும் ஹோட்டல் சாப்பாடுதான்.

பவர் பட்டனை விடாமல் அழுத்து, அணைந்துவிடும். ஆறவிட்டுப் போடு. எங்கே வைத்து வேலை செய்கிறாய், விவரமாக எழுது. இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன், சத்தியம்.

உன் வேணுகோபால்

சேவூர்
1.8.2007

மாமாவுக்கு,

அழுத்தி அழுத்தி விரல்தான் வலிக்கிறது. தறி அறையில் பாவு நூலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வரைகிறேன். இழை பறக்கும் என்று அங்கே ஃபேன் போடுவதில்லை. பட்டுத்தூசு உள்ளே போகாமலிருக்கக் கெட்டித் துணியில் உறை தைத்து, அடியும் பக்கமும் மூடிவிட்டேன். இதற்குமேல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஆடிக்கு வந்திருக்கிறேன் என்றுதான் அம்மா தெருவில் சொல்லி வைத்திருக்கிறாள். அண்ணி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உங்கள் சத்தியத்தைப் படித்துவிட்டு அழுதேன். ஜல்தியாக எழுதுங்கள்.

ஹேமா

சென்னை
6.8.2007

என் ஹேமாவுக்கு,

கடிதத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லையம்மா. உள்ளே பெரிய கோளாறாக இருக்கும், பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே யாரிடமும் கொடுத்துக் கெடுத்துவிடாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. எந்த பஸ் என்று மட்டும் எழுது, வந்து நிற்கிறேன். நீயில்லாமல் என்னால் முடியவில்லை.

உன் வேணு

சேவூர்
18.8.2007

திரு. வேணுகோபால் அவர்களுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்டு யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தேன். மறுபடி வரைந்ததும் போயிற்று. மணவாளன் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் தறியில் பாவு அப்படியே நிற்கிறது.

நேற்று மனசு கேட்காமல் வேலூருக்கு எடுத்துப்போனேன். கடையிலிருந்த பெண் பிரிக்கக்கூட இல்லை. உறையைக் கழற்றிவிட்டு, "சூடு வெளிய போற ஓட்டையெல்லாம் அடைச்சிகினு ஓட்டினா இது என்னாத்துக்கு ஆவும்? வீட்ல தெரிஞ்சவங்க யாரும் இல்லீங்களா?" என்றாள். என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் தொழில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உறை போட்டதை நான் எழுதியிருந்தேன். படித்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி எழுதியிருந்தால் பார்டர் முடிந்திருக்கும். ஆவணி பிறந்ததும் நானே புறப்பட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லி, துணிகூட எடுத்து வைத்திருந்தேன்.

லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆடிக்கு வந்தவள் இன்னும் போகவில்லையா என்று இன்று காலையிலேயே எதிர்வீட்டில் அம்மாவைக் கேட்டார்கள். போகவில்லை, இனி போகமாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஹேமலதா