எல்லையில்லாத நட்பும் ஒரு பயண அனுமதியும்

அண்ணை,

இன்று மண்டபத்துச் சமையலறைக்கு ஒரு பெட்டி குட்டிக் கொடிகள் வந்திருந்தன, சீஸ் துண்டுகளில் குத்துவதற்கு. பாதி ஜெர்மனி, பாதி பிரான்ஸ். மறுபடியும் இரண்டு நாட்டு நகரங்களின் நட்பு விழாவாம். பெட்டியைத் திறந்ததும் எரிச்சல் வந்தது. பின்னாலேயே உங்கள் ஞாபகமும் வந்தது.

யூரோ நோட்டின் புதுசு மாறாத காலம். இதே மண்டபத்தில் நாமிருவரும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். பாரிஸில் தங்கச்சி வீட்டில் உங்கள் அம்மா சாகக் கிடந்தார். அகதி வழக்கு முடியாத உங்களுக்கோ டோர்ட்மண்ட் பக்கத்தைத் தாண்டவே அனுமதியில்லாத தற்காலிக விசா. வெளியே இரண்டு நாட்டு மேயர்களும் கட்டிப்பிடித்து, "எங்களுக்குள் இனி எல்லையே இல்லை" என்று முழங்கினார்கள். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு கதவடியில் நின்று கேட்டீர்கள். நம்பியும் தொலைத்தீர்கள்!

மறுநாள் பத்திரிகையில் வந்த அந்தக் கட்டிப்பிடிப் படத்தை வெட்டி, பயண அனுமதி விண்ணப்பத்தோடு சேர்த்து, வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனீர்கள். "மேயரே சொல்லிப்போட்டார், இனி என்ன?" என்றீர்கள். அங்கிருந்த பெண் அதிகாரி சிரித்தாராம். படத்தைக் கழற்றித் திருப்பித் தந்துவிட்டு, மூன்று வாரம் கழித்து வரச்சொல்லி, நாள் குறித்து ஒரு தெர்மின் துண்டு எழுதினாராம். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. இவர்களுடைய நட்பு இரண்டு கிளாஸ் வைனும் ஒரு போட்டோவும்தான். மிச்சம் வைத்த இறைச்சியைக் கொட்டிக் கழுவியவர்கள் நாங்கள்.

"நான் களவாய் பாரிஸ் றெயின் ஏறப்போறன்" என்று பையைக் கட்டினீர்கள்.

நான் பெரிய சட்டம் படித்தவன் மாதிரி, "வேண்டாம் அண்ணை, பிடிபட்டால் அகதிக் கேஸ் பழுதாப்போகும். தெர்மின் வரைக்கும் பொறுங்கோ" என்றேன்.

"ஓம், நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று பையை அவிழ்த்தீர்கள். தெர்மினுக்கு நாலு நாள் முன்னால் அம்மா போய்விட்டார்.

நீங்களும் போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் எனக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. உங்கள் தங்கச்சியைப் பார்க்க ரயிலில் பாரிஸ் போனேன். எல்லை எங்கே வந்தது, எங்கே போனது என்றே தெரியவில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடியே இருந்தேன்; ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

மேயர்களை இன்றும் வாய்கிழியத் திட்டுகிறேன். ஆனாலும் ஆறவில்லை, அண்ணை. அவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. அம்மாவின் நிலைமை முழுக்கத் தெரிந்தும் உங்களைப் பொறுக்கச் சொன்னவன் நான்.