நாடி அடங்குதென்று நிறுத்திய மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு, நீங்கள் போன பிறகும் யாரையும் நம்பாத உங்கள் பெண் எழுதுவது.

நல்லம்பள்ளி டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரைதான் உங்களைக் கொன்றது என்று இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வந்தேன். அதைக் கேட்டு நம் தெருவில் பாதிப் பேர் அவரிடம் போவதையே விட்டுவிட்டார்கள்.

இப்போது எனக்கும் பிரஷர் அப்பா. தர்மபுரியில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். எழுதிக் கொடுத்தது எதை என்கிறீர்கள்? அதே மாத்திரை! "இதை முழுங்கித்தாங்க எங்கப்பா போய்ச் சேந்தாரு" என்று கத்திவிட்டேன்.

என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நாடி பார்க்கிற பெரியவர் உங்கள் கையைப் பிடித்து, "நாடி அடங்குதேம்மா" என்று உதட்டைப் பிதுக்கினாரே, அன்றைக்கே மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினேன். "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேம்மா" என்றீர்கள். "கொல்றவனையே போய்க் கேப்பாங்களா?" என்றேன். நாலாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

அந்த டாக்டரம்மா சொன்னார்: "பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரே வேலை செய்யாதுங்க. ஒண்ணு உப்பையும் நீரையும் மூத்திரத்துல இறக்கும். ஒண்ணு ரத்தக்குழாயை விரிச்சு விடும். இது இதயத்தை நிதானமாத் துடிக்க வைக்கும், நாடி மெதுவாத்தான் அடிக்கும். திடீர்னு நிறுத்தினா இதயம் தறிகெட்டு ஓடும், நெஞ்சுவலியும் வரலாம். உங்கப்பாவுக்கு அதான் ஆச்சான்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

நான் நம்புவேனா? ஒரு டாக்டரை இன்னொரு டாக்டர் விட்டுக்கொடுப்பாரா? இருந்தாலும் விழுங்கினேன். தினமும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் நாடியை நானே எண்ணினேன். குறைந்தது அப்பா. ஆனால் மயக்கமில்லை, படபடப்பு போய்விட்டது, பம்பிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வருகிறேன்.

அப்படியானால் உங்களுக்கும் அடங்கவில்லையா? நிதானமாகத்தான் இருந்ததா? நான்தான் கொன்றேனா? வீட்டில் என் பேச்சைத் தட்டாத ஒரே ஆள் நீங்கள்தானே, பாவி நான்.

வரும் சந்தை நாளில், கூட்டம் இருக்கும்போதே நல்லம்பள்ளி டாக்டர் வாசலுக்குப் போகிறேன். அவரைத் திட்டிய அதே குரலில், எல்லோர் காதிலும் விழும்படி, மாத்திரையைக் கொட்டியது நான்தான் என்று சொல்கிறேன். இது சத்தியம் அப்பா.

உங்களை ஒரு வார்த்தை கேட்க விடாத மகள்,
செல்வி