கை நடுங்கும் காட்சி

அன்பு மனைவிக்கு,

மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். முதலில் இதைச் சொல்லாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்கமாட்டாய். உன் முழங்கால் வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

போரிலிருந்து திரும்பி வலி மாத்திரைக்கு அடிமையான சிப்பாயின் கதை என்று சொன்னேனே, அந்தப் படப்பிடிப்புதான் நடக்கிறது. துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே நான் ‘மிலிட்டரி சார்’. பழைய கதை யாருக்கும் தெரியாது.

நேற்று ஒரு வேடிக்கை. மாத்திரை கிடைக்காமல் கை நடுங்குவது கதாநாயகனுக்கு வரவேயில்லை. எட்டு டேக் போனது. டைரக்டர் என்னிடம், “பட்டாளத்துல இப்படி ஆளுங்களப் பாத்திருப்பீங்களே சார், கொஞ்சம் செஞ்சு காட்டுங்க” என்றார்.

கட்டிலில் உட்கார்ந்து செய்து காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கதாநாயகன் மட்டும், “போதும் சார், நிறுத்துங்க. பயமா இருக்கு” என்றான். நான் சிரித்துக்கொண்டே கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

படத்துக்கு வைத்திருப்பவை வெறும் சர்க்கரை மாத்திரைகள். அதில் ஒன்று எப்படியோ என் சட்டைப்பைக்கு வந்திருக்கிறது. சர்க்கரைதான், பயப்படாதே.

ஒரு சின்ன வேலை. அடுத்த மாதம் நான் வருவதற்குள் உன் முழங்கால் மாத்திரைகளை உன் அண்ணன் வீட்டில் வைத்துவிடு. எங்கே என்று கேட்டால் சொல்லாதே. காலில் விழுந்தாலும் சொல்லாதே.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். கையெழுத்து கோணலாக இருந்தால், மடியில் வைத்து எழுதினேன் என்று நினைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்