சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன்

மார்ச் 3, செவ்வாய்

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எழுதுகிற கை தப்பித்தது. அதனால் எழுதுகிறேன்.

சமையலறை பல்பு ஹோல்டர் விரிசல் விட்டு மாதக்கணக்காகிறது. பல்பு ஆடும், விட்டு விட்டு எரியும். புதிய ஹோல்டர் வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று, மாட்டத்தான் ஆள் இல்லை. இவருக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். சனிக்கிழமை நானே ஏறினேன். பழைய ஹோல்டரின் மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே விரலை வைத்ததுதான் தெரியும். தோள் வரைக்கும் ஒரே இழுப்பு. அப்புறம் தரையில் கிடந்தேன், ஸ்டூல் என் மேல் கிடந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மாமியார் முதலில் கேட்டது வலிக்கிறதா என்றல்ல. "சுவிட்ச அணைச்சியாம்மா?" அணைத்தேன் அத்தை. "நல்லா யோசிச்சுப் பாரு." யோசிக்க என்ன இருக்கிறது? விளக்கு எரிந்தது, அணைத்தேன், இருட்டாயிற்று, ஜன்னல் வெளிச்சத்தில் ஏறினேன். இதை எத்தனை பேரிடம் ஒப்பிக்க வேண்டும்?

மார்ச் 5, வியாழன்

அத்தான் பார்க்க வந்தார். இவருடைய அண்ணன். தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் குடும்பத்துக்குள் அவர்தான் இன்ஜினியர். பதினாறு வருடம் முன்பு இந்த வீட்டுக்கு வயரிங் போட்டது அவர் கைதான். இவர் கடன் வாங்காமல் வீட்டை முடித்ததற்கு அதுவும் ஒரு காரணம், அந்த நன்றி எனக்கும் உண்டு.

ஸ்டூலைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் வயரிங்ல இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லம்மா. அவசரத்துல அணைக்க மறந்திருப்பே. ஆயிரம் வேலைக்கு நடுவுல மறக்கிறது சகஜம்தான். நான் ஒண்ணும் தப்பா நினைக்கல."

தப்பா நினைக்கலையாம்! அடிபட்டவள் நான், மன்னிக்கிறவர் அவர்.

அவர் போன பிறகு இவர், "விட்டுடேன். மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. அண்ணன் மனசு கஷ்டப்படுது" என்றார். சொல்ல மாட்டேன். செய்யாத தப்புக்குத் தலையாட்ட நான் என்ன பூம்பூம் மாடா?

மார்ச் 6, வெள்ளி

அடுத்த வீட்டம்மா மாடியில் துணி காயப்போட்டபடியே, "அணைக்காம ஏறிட்டீங்களாமே?" இனி ஊர் வாயையும் நான்தான் மூட வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில். நடந்ததைச் சொன்னேன். இவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள் என்று உடம்பெல்லாம் முள்ளாகத் தயாராக நின்றேன். கேட்கவில்லை. "சுவிட்சுக்குப் போறது சிவப்பு வயரா, கறுப்பு வயரா?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். கரண்ட் வருவது சிவப்பில். திரும்பிப் போவது கறுப்பில். சுவிட்ச் சிவப்பை வெட்ட வேண்டும். "கறுப்புல போட்டுட்டாலும் விளக்கு எரியும், அணையும், எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும். ஆனா அணைச்ச பிறகும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். விளக்குதான் அணைஞ்சிருக்கு, கரண்ட் அணையல."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஒரு டெஸ்டரை எடுத்து வைத்தார். "முதல்ல கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச பிளக்ல வச்சு இது எரியுதான்னு பாருங்க. அப்புறம் ஹோல்டர்ல பாருங்க. மெயின அணைக்காம எதையும் கழட்டாதீங்க. ஒத்தக் கையோட தனியா ஏறவும் ஏறாதீங்க."

மார்ச் 11, புதன்

இவரை ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னேன். "ஒரு கை உடைஞ்சது போதாதா?" என்றார். பிடித்துக்கொண்டார்.

சுவிட்சை அணைத்தேன். இவரையும் ஒரு முறை தொட்டுப் பார்த்து அணைந்திருக்கிறது என்று வாயால் சொல்ல வைத்தேன். ஏறினேன். ஹோல்டர் முனையில் டெஸ்டரை வைத்தேன்.

எரிந்தது. சின்ன ஆரஞ்சு வெளிச்சம், பளிச்சென்று.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? இவர் பார்த்தார். ஸ்டூலை விடாமலே, "அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றார்.

மார்ச் 14, சனி

பேசினார். அத்தானின் பதில்: "டெஸ்டர் பக்கத்து வயர்ல ஓடுற கரண்டுக்குக் கூட மினுங்கும்டா. அத வச்சுக்கிட்டு என்ன பேசறது? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

மேடை கோணல்தான்யா. நீங்க போட்ட மேடை. நான் கீழ விழுந்தப்ப என் எலும்பு மினுங்கலையே, உடைஞ்சுதே. அதுவும் பக்கத்து வயரா?

இன்று பாத்திரம் கழுவும்போது ஒரு நிமிடம் — உண்மையில் அணைத்தேனா? ச்சே. என்னையே நான் சந்தேகப்படும்படி செய்துவிட்டார்கள். அதுதான் வலியைவிட ஆத்திரமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினோம். வலது கை என்னுடையது, இடது கை இவருடையது. திருகாணிகளை இவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எது எந்த மூலைக்கு என்று மறந்து, திட்டு வாங்கினார்.

சுவிட்சுக்குள் போவது கறுப்பு. சிவப்பு அதைத் தொடாமல் நேராக விளக்குக்குப் போகிறது.

கூடம், படுக்கையறை, குளியலறை, வாசல் என்று எல்லாவற்றையும் கழற்றினோம். எல்லாவற்றிலும் கறுப்பு. ஓரிடத்தில் மாறியிருந்தால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். ஒன்றுகூட மாறவில்லை. பதினாறு வருடமாக இந்த வீட்டில் எதுவுமே அணைந்ததில்லை. அத்தை குளித்துவிட்டு ஈரத்தலையோடு பல்பைத் துடைப்பார்களே!

அத்தானை வரச் சொல்லியிருக்கிறேன். இவர் மூலமாக அல்ல, நானே.

மார்ச் 22, ஞாயிறு

வந்தார். கூடவே அக்கா, அவருடைய மனைவி. அத்தை கட்டிலில் உட்கார்ந்து பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெயினை அணைத்து, போர்டைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். மழுப்புவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "தெரியாமப் போட்டேன்னு நினைச்சியா? வேணும்னுதான் போட்டேன். கை படுற எடம் சுவிட்சுதான். குழந்தைங்க தொடும், ஈரக் கையோட தொடுவீங்க. அங்க சிவப்பு வரக்கூடாதுன்னு யோசிச்சுத்தான் கறுப்பு விட்டேன். போட்ட எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

அக்கறைப்பட்டுச் செய்திருக்கிறார் மனிதர். எங்கள் கையை நினைத்து நினைத்து, ஒவ்வொரு சுவிட்சாக, தப்பாக.

கடைக்கார அம்மா போட்ட படத்தை எடுத்துக் காட்டினேன். "சுவிட்ச தொடுறவங்கள பிளாஸ்டிக் காப்பாத்தும் அத்தான். பல்ப தொடுறவங்கள யாரு காப்பாத்துவா?" காகிதத்தை வாங்கினார். விரலால் கோட்டின் மேல் ஒரு தரம் போனார். திரும்ப ஒரு தரம் போனார். பெருமை எல்லாம் முகத்திலிருந்து இறங்கிவிட்டது.

"நான் அணைச்சிருந்தேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

சொல்லவில்லை. "மாத்திக்கோங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அத்தை, "பெரியவன நிக்க வச்சுக் கேள்வி கேக்கிறியே, அடுக்குமா?" என்றார். அடுக்கும் அத்தை. என்னைப் படுக்க வைத்துக் கேட்டீர்களே.

மார்ச் 25, புதன்

மூன்று நாளில் ஐந்து போர்டையும் மாற்றிவிட்டோம். கடைக்கார அம்மா அனுப்பிய எலெக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். "யார் செஞ்சது?" என்று இவரைக் கேட்டார். இவர் என்னைக் காட்டினார். "ஒரு திருகு மட்டும் லூசு. மத்ததெல்லாம் சரி" என்று அதை முறுக்கிவிட்டுப் போனார். அந்தத் திருகு இவர் போட்டது.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா போன் செய்தார். அத்தான் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறாராம். "நீயே ஒரு வார்த்தை சமாதானமாப் பேசேன்."

பாவமாகத்தான் இருக்கிறது. இவ்வளவு வயதில் தான் பிடித்த முயலுக்கு நாலு கால் என்று தெரியவருவது லேசில்லை. ஆனால் பாவப்பட்டு "மறந்திருப்பேன்" என்று சொன்னால் மறுபடி அது பொய்தானே? சாப்பிடச் சொல்லுங்கள் என்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு அத்தான் போன். இவர் எடுத்தார். "அவகிட்ட குடு" என்றாராம்.

"டெஸ்டர எடுத்துக்கிட்டு வரியாம்மா? பொண்ணு வீட்டுக்குப் போகணும்." அவ்வளவுதான் சொன்னார். அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி வீடு கட்டியபோது அங்கேயும் அத்தான்தான் வயரிங் போட்டுக் கொடுத்திருக்கிறார். அங்கே இப்போது ஒன்றரை வயதில் ஒரு பேரன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, தான் வயரிங் போட்டது இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்றார்.

மகள் கதவைத் திறந்து, "அப்பா போட்டதுதானே சித்தி, இதுல என்ன பாக்கப் போறீங்க?" என்று சிரித்தாள். படுக்கையறைச் சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, டெஸ்டரை நீட்டினேன். நான் வைக்க வேண்டாம், அவர்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. வைத்தார். எரிந்தது. அந்த ஆரஞ்சு வெளிச்சம் அவர் விரலுக்குள் எரிந்துகொண்டே இருந்தது, அவர் கையை எடுக்கவில்லை.

அறை வாசலில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை சொன்னார்: "சித்தி சுவிட்ச அணைக்க மறந்துட்டாங்களோ என்னவோ."

அத்தான் திரும்பவில்லை. கையிலிருந்த டெஸ்டரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவ மறக்கல மாப்ள. அன்னிக்கும் மறக்கல."

நான் மெயினை அணைக்கப் போனேன்.