முதல் வரியில் என் பெயர்

கோத்தா திங்கி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிலோபருக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் வாப்பாவும் சுகமாக இருக்கிறோம், வாப்பாவுக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அங்கே அடிலெய்டில் குளிர் தொடங்கிவிட்டதாம், காதை மூடாமல் வேலைக்குப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பாதி சொல்வதற்குள் "பழைய கதை, விடுங்க உம்மா" என்று வைத்துவிட்டாய். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், இதை நடுவில் நிறுத்த முடியாது பார்.

போன சனிக்கிழமை ஜோகூர் பாருவில் உன் பல்கலைக்கழகச் சமூகப்பணித் துறையின் பழைய மாணவர் விருந்து. இருநூறு பேருக்குப் பிரியாணி நம் கடையில்தான் சொல்லியிருந்தார்கள். உனக்குப் பாடம் எடுத்த அக்பருக்கு இந்த வருடச் சமூக சேவை விருது என்று மண்டப வாசலில் ஆள் உயரத்துக்குப் படம் வைத்திருந்தார்கள். எதற்கு விருது என்று கேள். ஆறு பெருகினால் எந்த வீட்டு முதியவரை முதலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பட்டியல் போட்டதற்காம். நீ கடைசி வருடப் பயிற்சிக்கு வெயிலில் மோட்டார் சைக்கிளில் அலைந்து நாற்பத்தேழு வீடு ஏறி இறங்கிப் போட்ட பட்டியல். அது முழுமையாக இல்லை என்று சொல்லித்தானே உனக்குக் குறைந்த மதிப்பெண் போட்டான். இத்தனை நாள் அக்பர் சார், அக்பர் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இனி எனக்கு அவன் சார் இல்லை.

நான் பிரியாணிக்கு ஊற்றும் தால்ச்சா வாளியோடு ஓரமாக நின்றிருந்தேன். அவன் மேடை ஏறி, வீடு வீடாகத் தானே போனதாகச் சொல்லிவிட்டுப் பட்டியலைப் பெரிய திரையில் போட்டான். முதல் வரியில் என் பெயர் இருந்தது. படிவம் சரியாக வருகிறதா என்று பார்க்க, நீ நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதலில் என்னைத்தானே எழுதினாய். சம்சாத் பேகம், கடைத்தெரு, முழங்கால் வலி, பூனையைக் கூடையில் போட்டால்தான் படி இறங்குவார், பூனையின் பெயர் தவுக்கே. அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எத்தனை பெருநாளுக்கு நம் வீட்டில் வந்து தின்றிருப்பான், ஒரு நாளாவது என்னை நிலோபர் உம்மா என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பானா. எனக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. அதோடு விட்டானா, இடுப்பளவு தண்ணீரில் போய் அந்த அம்மாவின் பூனையைத் தானே தோளில் தூக்கி வந்ததாக ஒரு கதை சொன்னான். தவுக்கே உன் வாப்பாவையே தொட விடாது. அந்த அம்மா வந்திருக்கிறார்களா என்று முன்வரிசையில் யாரோ கேட்டதற்கு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவங்க இப்ப நம்மகூட இல்லீங்க, போன வருஷம் தவறிட்டாங்க" என்றான். அலமாக், பாவம் என்று மண்டபமே உச்சுக் கொட்டியது. நான் கையில் அகப்பையோடு மௌத்தாகி நிற்கிறேன்.

வாப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மேடை ஏறினேன். சங்கத் தலைவி சாந்தினியிடம் என் அடையாள அட்டையை, ஐசியைக் கொடுத்து, பெயரை மைக்கில் வாசிக்கச் சொன்னேன். அந்தப் பெண் வாசித்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி ஐசியைப் பார்த்தாள். செத்தவள் ஆக்கின பிரியாணியைத்தான் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், இந்தப் பட்டியல் என் மகள் நிலோபர் போட்டது என்று சொன்னேன். அக்பர் தண்ணீர் கிளாஸைத் தேடினான், கை எட்டவில்லை, பக்கத்தில் நின்றும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. என் வயிறு குளிர்ந்துவிட்டது, உன்னிடம் எதற்கு மறைக்க. விருதுக் கேடயத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினார்கள். அன்றைக்கு மிச்சம் வந்த பிரியாணியை வாப்பா குறை சொன்னார், எனக்கு அது தேனாக இருந்தது.

மறுநாளே பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தான். பட்டியலில் உதவி என்று உன் பெயரையும் போட்டுவிடுகிறானாம், இத்தோடு முடித்துக்கொள்ளலாமாம். வாப்பா இளகிவிட்டார், "நம்ம ஜமாத் ஆளுதானே, போகட்டும் விடு" என்கிறார். நான் கூடையைக் கொண்டுபோய் அவன் கார் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். நேற்று சாந்தினி போன் செய்தாள். வெள்ளிக்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போட்ட கடிதமும் உன்னிடம் இருக்கும் பழைய கோப்பும் வந்தால்தான் விருதை ரத்து செய்ய முடியுமாம், வராவிட்டால் அவனுக்கே கொடுத்தாக வேண்டுமாம். மேடையில் அவனை ஒரு நாள் வேர்க்க வைத்தது எனக்குப் போதாது. அவன் பெயரை எடுத்துவிட்டு அதே இடத்தில் உன் பெயரைப் போட வேண்டும், அதை அவன் வாயாலேயே வாசிக்கக் கேட்க வேண்டும்.

உனக்கு ஏன் மனசு விட்டுப்போயிற்று என்று எனக்குத் தெரியும். மதிப்பெண் வந்த அன்று நீ புகார் கொடுக்கப் போகிறேன் என்றுதான் நின்றாய். நான்தான் பெரிய மனிதர்களைப் பகைக்காதே என்று உன்னை அவன் வீட்டுக்குக் கூட்டிப்போய், எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வைத்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய். நாலு மாதத்தில் ஆஸ்திரேலியா போனவள், மூன்று வருடமாகப் பெருநாளுக்குக்கூட வரவில்லை. அவன் மேல் இருக்கும் ஆத்திரத்தில் பாதி என் மேல்தான், அதையும் சேர்த்து அவனிடமே தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

உனக்கு நல்ல ஆயுளையும் நிம்மதியான தூக்கத்தையும் கொடுக்கச் சொல்லி ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, மீன் எண்ணெய் மாத்திரையை விடாதே. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டாய். இந்த ஒரு தடவையும் என் பேச்சைக் கேள். அதன் பிறகு என்னை எத்தனை வருடம் வேண்டுமானாலும் மன்னிக்காமல் இரு.

இப்படிக்கு,
உன் உம்மா